பொட்டு வைத்த டிவி

கடந்த மாதம் சுங்கை பட்டாணியில் ஒரு கவிதை நூல் வெளியீட்டுக்குப் போயிருந்தேன். யாருடைய நூல் என்று இங்கே சொல்லப்போவதில்லை. நல்ல தொகுப்பு. துண்டாடப்பட்ட தோட்டத்தையும், அங்கிருந்து தாமானுக்குப் பெயர்ந்த சனங்களையும் பற்றிய கவிதைகள். அதைப் பற்றித் தனியாக எழுதுவேன். இங்கே பேச்சு அன்றைய ஒலிபெருக்கியைப் பற்றியது. நம் இலக்கிய நிகழ்ச்சிகளில் பேச்சாளரைவிட மைக்தான் அதிகம் கத்தும். அன்று அப்படி இல்லை. சக்கரம் வைத்த புத்தம்புதுக் கறுப்பு ஸ்பீக்கர், கம்பியில்லா மைக் இரண்டு. கடைசி வரிசையில் இருந்த எனக்குக் கவிஞர் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. ஸ்பீக்கரின் மேல்பக்கத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை யாரும் உரித்திருக்கவில்லை. புதுச் சாமான், பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் டாவாயில், பந்தாய் மெர்டேகாவுக்குப் படகு போகும் துறைக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் ஏற்பாட்டாளர்களில் ஒருவரான தம்பியைப் பார்த்தேன். கூட இன்னும் மூன்று பேர். எல்லாரும் வாசிக்கிறவர்கள், இரண்டு பேர் எழுதவும் செய்கிறவர்கள்.

"அந்த ஸ்பீக்கர நம்ம மாதக் கூட்டத்துக்கும் கொண்டாந்துரு தம்பி" என்றேன்.

"எந்த ஸ்பீக்கருண்ணே? அது அன்னிக்கு ராத்திரியே பெட்டிக்குள்ள போயிருச்சு. திங்கக்கிழமை ரிட்டன் போட்டாச்சு. காசும் வந்துருச்சு."

இணையச் சந்தையில் 689 வெள்ளிக்கு வாங்கியிருக்கிறார்கள். 15 நாளுக்குள் மனம் மாறினால் திருப்பலாம். மனம் மாறிவிட்டது என்ற கட்டத்தைத் தட்டினால் போதும், ஆள் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பிளாஸ்டிக் தாளை ஏன் உரிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுத்து ஒரு குறும்படம் எடுக்கிறார்களாம். கேமரா, லென்ஸ், விளக்கு எல்லாம் இதே வழியில். படப்பிடிப்பைப் பன்னிரண்டு நாளில் முடித்துவிட வேண்டும் என்பதுதான் ஒரே கவலை. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "செம மூளைடா ஒனக்கு" என்றார் ஒருவர்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் மறுத்து எதுவும் சொல்லவும் இல்லை. தே தாரிக்கைக் குடித்துவிட்டு, அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாய் திறக்காமல் வந்ததற்காகத்தான் இந்தக் கட்டுரை.

*

2013 முதல் 2016 வரை சுங்கை பட்டாணியில் ஒரு மின்சாதனக் கடையின் கவுண்டரில் நின்றவன் நான். பெரிய நிறுவனத்தின் கிளை அது. விற்கிற வேலை அல்ல, விற்றது திரும்பி வந்தால் வாங்கிக்கொள்கிற வேலை. அந்தக் காலத்தில் எங்கள் கடையில் ஒரு சலுகை இருந்தது: வாங்கிய 14 நாளுக்குள் திருப்தி இல்லையென்றால் கொண்டுவந்து கொடுக்கலாம், அதிகம் கேள்வி கிடையாது. நம் ஊரில் அது பெரிய விஷயம். மற்ற கடைகளில் ஏழு நாளைக்குள் பழுதானால் வேறு ஒன்று மாற்றிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

2014 உலகக் கிண்ணக் காற்பந்து பிரேசிலில் நடந்தது. நம் நேரப்படி நள்ளிரவிலும் விடியற்காலையிலும் ஆட்டம். நோன்பு மாதமும் சேர்ந்துகொள்ள, ஊரே விடிய விடிய விழித்திருந்தது. ஜூன் கடைசியில் ஐம்பது அங்குல டிவிக்கள் பெட்டி பெட்டியாகப் போயின. மேலாளர் எங்களுக்கெல்லாம் கோழிச் சோறு வாங்கிக் கொடுத்தார். ஜெர்மனி கிண்ணத்தை வாங்கியது ஜூலை 14, திங்கட்கிழமை விடியலில். அன்று மதியத்திலிருந்தே டிவிக்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

எல்லாம் இல்லை. பெரும்பாலானவர்கள் வாங்கினது வாங்கினதுதான். ஆனால் வந்தவை எங்கள் கவுண்டருக்குப் பின்னால் சுவரோடு சுவராக நிற்கும் அளவுக்கு வந்தன. "படம் கலங்கலா இருக்கு." "வீட்டு அலமாரிக்குள்ள வைக்க முடியல." "மனைவிக்குப் பிடிக்கல." டிவிக்குள் பழுதுபார்ப்பவர்களுக்கென்று ஒரு மறைவான பட்டியல் உண்டு, ரிமோட்டில் சில பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் அந்தத் திரை மொத்தம் எத்தனை மணி நேரம் எரிந்தது என்று காட்டும். அன்று அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போனது. அலமாரிக்குள் நுழையாத டிவி எண்பது மணி நேரம் ஓடியிருக்கும்.

அவற்றில் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. பெட்டியைப் பிரித்து நிமிர்த்தினேன். திரையின் மேல் ஓரத்தில், சட்டத்தின் நடுவில், சந்தனம். அதன்மேல் குங்குமம். பொட்டு காய்ந்து, ஓரம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. வீட்டுக்குப் புதுச் சாமான் வந்தால் நாம் செய்வதுதானே. சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பொட்டு வைத்து, சூடம் காட்டி, பிறகுதான் சுவிட்சைத் தட்டுவோம். என் அம்மா குளிர்சாதனப் பெட்டிக்கு வைத்த பொட்டு நாலு வருடம் இருந்தது. எதிரே நின்றவர் நம்மவர்தான். நல்ல உத்தியோகம், பேச்சில் மரியாதை, கையில் ரசீது. "சும்மா திறந்து பார்த்ததோட சரி தம்பி, ஓட்டவே இல்ல" என்றார். நான் பொட்டைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்குப் புரியாதது இதுதான்: பதினான்கு நாளில் திருப்பப்போகிற டிவிக்கு எதற்குப் பூஜை? ஒருவேளை வாங்கும்போது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். மனைவி உண்மையாகவே நம்பி வைத்த பொட்டாக இருக்கலாம். அந்த வீட்டில் மறுநாள் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஸ்பிரிட் தொட்ட துணியால் நான்தான் துடைத்தேன். அது புது டிவியாக மறுபடியும் விற்கவில்லை. 'டிஸ்ப்ளே செட்' என்று ஒட்டி விலையைக் குறைத்துத் தள்ளினோம். அதை முதலில் விற்றது பீடோங் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண். சாமான் திரும்பி வந்தால் விற்றவருடைய கமிஷன் கழிக்கப்படும். அந்த மாதம் அவளுக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கிடைத்தது. உலகக் கிண்ணத்தை அவள் பார்க்கக்கூட இல்லை.

*

தோட்டத்தில் எங்கள் மளிகைக்கடைக்காரரிடம் எழுதி வைத்த ரிட்டன் விதி எதுவும் இல்லை. 555 என்று அட்டையில் போட்ட சின்னக் கடன் புத்தகம் மட்டும் இருந்தது. ஆனால் தேங்காய் அழுகியிருந்தால் மாற்றிக் கொடுப்பார். பாட்டி இரண்டு மூடியையும் என் கையில் கொடுத்து அனுப்புவார். கடைக்காரர் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார். வேறு ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்துத் தருவார். ஏன்? தேங்காயின் உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. உடைத்தால்தான் தெரியும். அந்தத் தெரியாமைக்கு யார் பொறுப்பேற்பது என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு.

திருப்பிக் கொடுக்கும் உரிமை என்பது இவ்வளவுதான். வாங்கும் நேரத்தில் எனக்குத் தெரியாத ஒன்று வீட்டுக்குப் போனபின் தெரியவந்தால், அதற்காக நான் நட்டப்படக் கூடாது. மனம் மாறுவதும் இதில் அடங்கும். ஸ்பீக்கரின் சத்தம் நம் மண்டபத்துக்குப் போதாது என்று அங்கே வைத்துப் பார்த்தபின்தான் தெரியும். திருப்பு, தப்பே இல்லை. ஆனால் வாங்கும்போதே திருப்பப்போகிறேன் என்று தெரிந்தால் அங்கே மாறுவதற்கு மனம் என்று ஒன்று இல்லை. 'மனம் மாறிவிட்டது' என்ற கட்டத்தைத் தட்டும் விரல் பொய் சொல்கிறது. அது வாடகை கொடுக்காத வாடகை. முதல் தேங்காயில் சட்னி அரைத்துச் சாப்பிட்டுவிட்டு மூடியைக் கொண்டுபோய் நீட்டுவது.

மலேசியச் சட்டத்தில் மனம் மாறுவதற்கான உரிமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம், வீட்டு வாசலில் வந்து விற்பவர்களிடம் வாங்கியவருக்கு 10 வேலை நாள் யோசித்துப் பார்த்து ரத்து செய்யும் உரிமையைக் கொடுத்தது. லயத்து வீட்டு வாசலில் கழுத்துப்பட்டை கட்டிய ஆள் வந்து நின்று, தண்ணீர் வடிகட்டியையும் தூசி உறிஞ்சியையும் தலையில் கட்டிவிட்டுப் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். (சிமெண்டுத் தரைக்கு எதற்குத் தூசி உறிஞ்சி என்று கேட்கும் தைரியம் எங்கள் லயத்தில் யாருக்கும் வரவில்லை.) வாசலில் வைத்து அமுக்கப்பட்டவர் தப்பிக்கத் திறந்த கதவு அது. அந்தக் கதவு வழியாக இன்று நாம் கேமராவோடு போய்வருகிறோம்.

*

உலகக் கிண்ணத்துக்குப் பிறகு எங்கள் கடையில் 14 நாள் சலுகை எடுக்கப்பட்டது. கவுண்டருக்கு மேலே மலாயில் ஒரு பலகை வந்தது: விற்ற பொருள் மாற்றப்படமாட்டாது, திரும்பப் பெறப்படமாட்டாது.

2015, நோன்புப் பெருநாள் முடிந்த வாரம். தஞ்சோங் டாவாயிலிருந்து பஸ் ஏறி ஓர் அம்மா வந்தார். பாத்தேக் துணியில் மூட்டையாகக் கட்டி, மடியில் வைத்துக் கொண்டுவந்தது ஒரு ரைஸ் குக்கர். தோட்டத்தில் பால் வெட்டினவர். தோட்டம் கைமாறியபின் மகள் வீட்டோடு வந்து, கருவாடு காயப்போடும் இடத்தில் நாள் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். துணியில் அந்த வாடை இருந்தது. வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். குக்கர் விலை 129 வெள்ளி. வாங்கி ஆறு நாள் ஆகியிருந்தது.

"ரெண்டு தடவதான்யா சோறு ஆக்குனேன். அடி தீயுது, மேல அரிசி அப்படியே நிக்குது. வேற மாத்திக் குடுய்யா."

தண்ணீர் ஊற்றிச் செருகிப் பார்த்தேன். வெப்பத்தை நிறுத்தும் பகுதி வேலை செய்யவில்லை. பழுது என்பதில் சந்தேகமே இல்லை. மேலாளர் வந்தார், பலகையைக் காட்டினார். சர்வீஸ் சென்டருக்கு அனுப்பலாம், மூன்று வாரம் ஆகும். "அதுவரைக்கும் எதுலய்யா ஆக்குறது?" என்று கேட்டார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, என்னிடம் மட்டும்: "நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்களா?"

"இல்லம்மா, கம்பெனி ரூல்ஸ்" என்றேன்.

அது ரூல்ஸ் இல்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் நியாயமான காலத்துக்குள் சரிசெய்து கொடுக்க வேண்டும். அது நடக்காவிட்டாலோ, பழுது பெரியதாக இருந்தாலோ வாங்கியவர் பொருளை நிராகரித்து, காசையோ வேறு பொருளையோ கேட்கலாம். எந்தக் கடையும் பலகை மாட்டி இந்தச் சட்டத்திலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்று ஆறாவது பிரிவு சொல்கிறது. கடை மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம். அன்றைக்கு 25,000 வெள்ளி வரை கோரலாம், இப்போது 50,000. இதெல்லாம் எனக்கு அன்று அரைகுறையாகத் தெரியும். பயிற்சியின்போது ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம்தான். குக்கரை வாங்கி, சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் ஐந்து வாரமானது.

அந்தப் பலகையை மாட்டிய நிறுவனத்தை நான் மன்னிக்கவில்லை. மாட்டியது அவர்கள் குற்றம், கீழே நின்று கைகாட்டியது என் குற்றம். ஆனால் அதற்கு ஆணி எடுத்துக் கொடுத்தவர்கள் பொட்டு வைத்த டிவியோடு வந்தவர்கள். அந்த அம்மா வந்து நின்றபோது கவுண்டருக்குப் பின்னால் எல்லார் கண்ணிலும் ஏற்கனவே சந்தேகம் இருந்தது. அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே அவருக்கு முன்னால் பொய் சொன்னவர்களின் கடன் அவர் பேரில் ஏறியிருந்தது. அழகாகப் பேசத் தெரிந்தவன், ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவன், விதியைப் படிக்கத் தெரிந்தவன் ஒரு கதவைத் தேய்த்துவிட்டுப் போகிறான். அதை இழுத்துச் சாத்தும்போது, பஸ் ஏறி வந்தவர்தான் வெளியே நிற்கிறார்.

*

மறுநாள் இதையெல்லாம் தம்பிக்குக் கைப்பேசியில் நீளமாக அனுப்பினேன். அவர் விடுவாரா. மூன்று பதில்கள் வந்தன.

முதலாவது, விதியிலேயே இருக்கிறது. இல்லை. அந்தத் தளத்தின் விதியை எடுத்துப் படித்தேன். மனம் மாறித் திருப்பும் பொருள் பயன்படுத்தாத நிலையில் இருக்கவேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம் கவிதை வாசித்த ஸ்பீக்கர் பயன்படுத்தாத ஸ்பீக்கரா? பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் வைத்ததே, விதியில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததால்தானே.

இரண்டாவது, கோடிக் கணக்கில் சம்பாதிக்கும் கார்ப்பரேட்டுக்கு இதெல்லாம் கணக்கிலேயே வராது. இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் ஒருகாலத்தில் சொன்னேன். சரி, யாருடைய ஸ்பீக்கர் அது? தளம் விற்கவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த முகவரி கூலிமில் ஒரு கடை. அவருக்குத் தளம் வழியாகவே எழுதிக் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். கணவன், மனைவி, ஒரு பையன் சேர்ந்து நடத்தும் கடை. பெட்டி திரும்பி வந்தது, மைக்கில் உதட்டுச்சாயம் இருந்தது, துடைத்து 'பெட்டி பிரித்தது' என்று சொல்லி 520 வெள்ளிக்கு விற்றுவிட்டார்களாம். 169 வெள்ளி போச்சு. தளத்திடம் முறையிடலாமே என்று கேட்டதற்கு, முறையிட்டால் படம், காணொளி எல்லாம் கேட்பார்கள், கடைக்குப் புள்ளி குறையும், நேரம் இல்லை என்றார். கடைசியாக ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். கார்ப்பரேட் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. அது வாடிக்கையாளர்மீது தாராளமாக இருக்கிறது. தாராளத்துக்கான காசு கூலிம்காரர் பையிலிருந்து போகிறது.

சீனாவில் இது முற்றியே விட்டது. பின்துவோதுவோ தளம் 2021இல் கொண்டுவந்த முறைப்படி, குறை சொன்ன வாடிக்கையாளர் பொருளைத் திருப்பாமலேயே காசை வாங்கிக்கொள்ளலாம். மற்ற தளங்களும் பின்பற்றின. சில நூறு யுவான் சாமானுக்காக விற்றவர்கள் ஊர்விட்டு ஊர் தேடிப்போய் வாங்கியவர் வீட்டுக் கதவைத் தட்டிய செய்திகள் வந்தன. 2024 ஜூலையில் அதே குழுமத்தைச் சேர்ந்த டெமுவின் குவாங்சோ அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான சிறு விற்பனையாளர்கள், அபராதங்களையும் பிடித்தங்களையும் எதிர்த்துத் திரண்டார்கள். 2025இல் பெரிய தளங்கள் அந்த முறையிலிருந்து பின்வாங்கின.

மூன்றாவது பதில்தான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. "அண்ணே, ஸ்காட் படிச்சிருக்கீங்களா? இது எளியோரின் ஆயுதம்."

படித்திருக்கிறேன். ஜேம்ஸ் ஸ்காட்டின் 'வெப்பன்ஸ் ஆஃப் தி வீக்' 1985இல் வந்தது. நம் கெடாவில்தான் எழுதப்பட்டது. குனோங் ஜெராய்க்கு அந்தப் பக்கம் விரியும் மூடா நெல்வெளியில், அவர் செடாகா என்று பெயர் மாற்றிச் சொல்லும் கிராமத்தில் 1978 முதல் 1980 வரை தங்கியிருந்து பார்த்ததை எழுதினார். அறுவடை இயந்திரம் வந்து கதிரறுக்கும் கூலியைப் பறித்துக்கொண்டது. பறிகொடுத்தவர்கள் எதிர்த்து நிற்க வலுவில்லாமல் மறைவாக எதிர்த்தார்கள். வேலைக்கு வராமல் இழுத்தடித்தார்கள். பணக்காரனின் பெயரைக் கெடுத்தார்கள். இராத்திரியில் நெல் மூட்டை காணாமல் போனது. இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டியில் மண் விழுந்தது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதை ஸ்காட் பக்கம் பக்கமாகச் சொல்கிறார். கூலியைப் பறித்தவனிடமிருந்து, பறிகொடுத்தவன், பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே எடுத்தான். அதையும் அளவுக்கு மேல் கொண்டாடிவிடக் கூடாது என்று ஸ்காட்டே எச்சரிக்கிறார்.

நம் தம்பியிடமிருந்து கூலிம் கடைக்காரர் எதைப் பறித்தார்? பிடிபட்டால் தம்பிக்கு என்ன நடந்திருக்கும்? ஒன்றும் இல்லை. 689 வெள்ளியைப் பதினைந்து நாள் முடக்கி வைக்க முடிகிறவன், வங்கி அட்டை உள்ளவன், கூரியர்காரன் வாசலுக்கு வரும் தாமானில் இருப்பவன், எந்தக் கணக்கில் எளியவன்? நாம் புத்தகம் படிப்பது நம்முடைய சின்னத் திருட்டுகளுக்குப் பெரிய பெயர் வைக்கத்தான் என்றால் அந்தப் புத்தகத்தைப் படிக்காமலேயே இருந்திருக்கலாம். மூடாவில் மூட்டை தூக்கியவன் அதற்குப் பெயரே வைக்கவில்லை.

*

அமெரிக்காவிலும் இந்தக் கதை உண்டு. அங்கே காஸ்ட்கோ நிறுவனம் டிவியைக் காலவரம்பு இல்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. 2007இல் 90 நாளாக்கிவிட்டது. எல்.எல்.பீன் வாழ்நாள் முழுக்கத் திருப்பலாம் என்றிருந்ததை 2018இல் ஓராண்டாகச் சுருக்கியது. பழைய சாமான் விற்கும் இடத்தில் பொறுக்கியதையெல்லாம் கொண்டுவந்து காசு கேட்டார்களாம். எனக்கு உறைத்தது வேறொன்று. 2004இலேயே பெஸ்ட் பை கடைகளின் தலைவர் பிராட் ஆண்டர்சன், தன் வாடிக்கையாளர்களைத் தேவதைகள் என்றும் பிசாசுகள் என்றும் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். வாங்கித் திருப்புகிறவர்கள் பிசாசுப் பட்டியலில். இன்றைக்கு அந்தப் பட்டியலை மனிதர்கள் போடுவதில்லை, கணினி போடுகிறது. நம் ஊருக்கும் அது வரும்போது, பழுதான சாமானை இரண்டு தடவை திருப்பிய ஓர் அம்மாவையும் நம் குறும்பட இயக்குநரையும் அது ஒரே பெட்டியில் போடும். இயக்குநர் தங்கச்சி பெயரில் புதுக் கணக்குத் திறந்துகொள்வார்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. கல்லூரிக் கடைசி வருடம், ஆய்வேட்டை அச்சடிக்க பினாங்கில் ஒரு பிரிண்டர் வாங்கினேன். இரண்டு பிரதி, முந்நூற்றுச் சொச்சம் பக்கம். ஐந்தாம் நாள் காகிதம் சிக்குகிறது என்று சொல்லித் திருப்பிவிட்டேன். கவுண்டரில் இருந்த சீனப் பெண் மையின் அளவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நானும் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பார்வை என்னவென்று புரிய, அதே பக்கத்தில் நானும் நிற்கவேண்டியிருந்தது. ஆய்வேட்டின் தலைப்பு தோட்டத் தொழிலாளர்களின் உழைப்புச் சுரண்டல் குறித்தது. சிரிக்கலாம்.

தஞ்சோங் டாவாயில் அன்று நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் மெர்போக் ஆறு கடலில் விழும் இடம். ஆற்றோடு உள்ளே போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. நம் மேடைகளில் கடாரம் என்று ஆரம்பித்துவிட்டால் நிறுத்த மாட்டோம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பொருள்களில் காழகத்துப் பொருளையும் சொல்கிறது, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைக் கடாரம் என்கிறார் என்று அந்தத் தம்பியே ஒரு கூட்டத்தில் கைத்தட்டல் வாங்கியிருக்கிறார். அதே பாட்டு அந்தத் துறைமுகத்து வணிகர்களைப் பற்றிச் சொல்வதை யாரும் மேடையில் சொல்வதில்லை. பழிக்கு அஞ்சி உண்மையே பேசுகிறவர்கள், தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகவே எண்ணுகிறவர்கள், வாங்கும்போது மிகுதியாக வாங்காதவர்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காதவர்கள். உண்மையில் அப்படியெல்லாம் இருந்தார்களா என்று கேட்டால் எனக்கும் சந்தேகம்தான். ஆனால் விற்கிறவன், வாங்குகிறவன் இருவருக்கும் ஒரே தராசு என்ற எண்ணமாவது இருந்திருக்கிறது. நாம் கப்பலை மட்டும் வைத்துக்கொண்டோம்.

குறும்படத்துக்குக் கேமராவை வாடகைக்கு எடுக்கலாம். கல்யாணப் படம் எடுக்கிற அண்ணன் ஒருவர் சுங்கை பட்டாணியில் இருக்கிறார். நாள் வாடகை பேசினால் குறைப்பார். நம் ஆள்கள் என்றால் விளக்கையும் சேர்த்துக் கொடுப்பார். கைப்பேசியிலேயே எடுத்தால்தான் என்ன? நம்மில் பலருக்குக் கதையே இன்னும் சரியாக அமையவில்லை, லென்ஸுக்கு என்ன அவசரம். அடுத்த மாதம் இன்னொரு வெளியீடு இருக்கிறது, நான்தான் நூலைப் பற்றிப் பேசவேண்டும். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி போடுகிறவரிடம் கேட்டுவிட்டேன். ஸ்பீக்கர், மைக், ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து 120 வெள்ளி. இருபது பேர் போட்டால் ஆளுக்கு 6 வெள்ளி, ஒரு ரோட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிடுகிற காசு. குழுவில் எழுதிப் போட்டு நான்கு நாள் ஆகிறது. இதுவரை மூன்று பேர் பணம் அனுப்பியிருக்கிறார்கள். தம்பி செய்தியைப் பார்த்துவிட்டதாக இரண்டு நீலக் கோடு காட்டுகிறது.